முள்ளங்கி முளைத்தால் ஆள் வருவார்

ஊரார் ஆளுக்கொரு பாத்தியாகச் சேர்ந்து பயிரிடும் சமூகத் தோட்டத்தில் ஆர்வமாகப் பெயர் கொடுப்பவர்களில் பலர் சில வாரங்களில் காணாமல் போய்விடுகிறார்களே, அவர்களுக்கு இயற்கைமேல் பற்றில்லையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பற்றைக் குறை சொல்வது சுலபம். நடக்கிற தூரம், தனக்கென்று ஒரு பாத்தி, பேச்சுத்துணை ஆகியவை அதைவிட முக்கியம். பசுமைவெளி வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பிய அலுவலகம் பரிந்துரைப்பது சும்மா இல்லை.

ஆனால் என்னைக் கவர்ந்தது மூளைக்குள் நடக்கும் கணக்கு. நரம்பியல் அறிஞர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, அவற்றின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அவை துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின் விளக்குக்கே துடித்தன. சாற்றைச் சட்டை செய்யவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, வரவேண்டிய அந்த நொடியில் துடிப்பு அடங்கிப்போனது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவை அளக்கின்றன.

இனி பாத்திக்கு வருவோம். முள்ளங்கி விதைத்த நாலைந்து நாளில் மண் லேசாக வெடிக்கும். கொக்கிபோல் வளைந்த தண்டு முதுகால் மண்ணை முட்டித் தூக்கும். பிறகு நிமிரும், விதையிலையின் நுனியில் விதைத்தோல் தொப்பியாக ஒட்டியிருக்கும். இன்றா நாளையா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாததால், பழகிய கைக்கும் இது அலுப்பதில்லை. கேரட் முளைக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். புதிதாக வந்தவர் ஒவ்வொரு முறையும் வெறும் மண்ணைப் பார்த்துத் திரும்புவார், ஒருநாள் வரமாட்டார். குரங்கின் கணக்கு இங்கும் செல்லும் என்பது என் ஊகம்.

வளர்பிறையில் விதைத்தால்தான் முளைக்கும் என்பார்கள். விதைக்கு வேண்டியது ஈரமும் காற்றும் தகுந்த வெப்பமும்தான்; நிலா அல்ல. ஆனாலும் நாள் குறித்துவிட்டால் நாலு பேர் ஒன்றாக வருகிறார்களே, அந்த மூடநம்பிக்கை விதையிடம் பலிக்காவிட்டாலும் ஆளிடம் பலிக்கிறது!

அமெரிக்காவின் டென்வரில் 291 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2023-இல் வெளியானது. தோட்டம் போட்டவர்கள், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட நாளுக்கு 1.4 கிராம் நார்ச்சத்து கூடுதலாக உண்டார்கள். அவர்களுக்குப் பாத்தியோடு விதை, நாற்று, தொடக்கப் பயிற்சி எல்லாம் கொடுத்திருந்தார்கள். நம் திட்டங்களிலோ பணம் வேலிக்கும் பெயர்ப்பலகைக்கும் போய்விடுகிறது. எந்த ஆழத்தில் விதைப்பது என்று பக்கத்தில் நின்று சொல்லித்தரும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க எவருக்கும் மனம் வருவதில்லை.