ஃபுளோரிடா கடற்கரை காண்டோ: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

டெஸ்டினிலோ பனாமா சிட்டி பீச்சிலோ கடலைப் பார்த்தபடி ஒரு காண்டோ (அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு சொந்த வீடு) வாங்கி, ஆண்டில் சில வாரம் நாம் தங்கிக்கொண்டு, மீதி நாளெல்லாம் விடுமுறைக்கு வருபவர்களுக்கு விட்டால் கடன் தானாக அடைந்துவிடும் என்று நம்பி இறங்குபவர்கள் நிறையப் பேர். விற்பவர் தரப்புத் தாளில் ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்: ஆண்டு மொத்த வாடகை. அந்த எண் உண்மையாகவே இருக்கலாம். அதிலிருந்து என்னென்ன கழியும் என்பதுதான் அந்தத் தாளில் இருக்காது.

மாதிரிக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். விலை 4,50,000 டாலர், ஆண்டு வாடகை 45,000. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு 25 சதவீதம் என்றால் 11,250. அசோசியேஷனுக்கு (கட்டடத்தைப் பராமரிக்கும் உரிமையாளர் சங்கத்துக்கு) கட்டணம் மாதம் 900 வீதம் 10,800. சொத்து வரி 5,000, காப்பீடு 2,500, மின்சாரமும் இன்டர்நெட்டும் 2,400, பழுதுக்கும் பொருள் மாற்றவும் 4,500. மொத்தம் 36,450. மிஞ்சுவது 8,550. கால் பங்கு முன்பணம் போட்டு, மீதி 3,37,500-ஐ 7 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடனாக எடுத்தால் ஆண்டுத் தவணை ஏறக்குறைய 26,900. அதாவது ஆண்டுக்கு 18,000 டாலருக்கு மேல் சம்பளத்திலிருந்து போட வேண்டும். உங்கள் வீட்டுக்கு எண்கள் மாறும், வரிசை மாறாது.

இதில் சொத்து வரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விற்பவரின் பழைய வரி ரசீதைப் பார்த்து அதையே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். விற்பவர் அங்கேயே குடியிருந்து, சொந்தக் குடியிருப்புக்கான ஹோம்ஸ்டெட் வரிச் சலுகை பெற்றிருந்தால் அவருடைய வரிமதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்காது. கை மாறியதும் அடுத்த ஜனவரி 1 அன்று அந்த வரம்பு நீங்கி, சந்தை விலைக்கு மதிப்பிடுவார்கள். வாடகை வீட்டுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. கவுன்ட்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் வாங்கும் விலையைப் போட்டுப் புது வரியை மதிப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆனாலும் எங்கள் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு கட்டடம்தான். 2021 ஜூன் 24 அன்று மயாமி அருகே சர்ஃப்சைடில் சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற காண்டோ கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே ஃபுளோரிடா சட்டத்தை மாற்றியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோ கட்டடங்கள் 30 ஆண்டு ஆனதும் (கடலோரத்தில் சில இடங்களில் 25 ஆண்டிலேயே) கட்டமைப்புச் சோதனை செய்ய வேண்டும். கூரை, சுமை தாங்கும் சுவர், தீத்தடுப்பு, குழாய், மின் இணைப்பு, நீர்க்கசிவுத் தடுப்பு, வெளிப்புற ஜன்னல் கதவு ஆகியவற்றுக்கு எவ்வளவு கையிருப்பு வேண்டும் என்று ஒரு தனி ஆய்வும் செய்ய வேண்டும். முன்பெல்லாம் உரிமையாளர்கள் வாக்கெடுத்து இந்த நிதியைத் தள்ளிப்போட்டு மாதக் கட்டணத்தைக் குறைவாக வைத்துக்கொண்டார்கள். அந்த வழி இப்போது பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. பழைய கட்டடத்தில் கட்டணம் குறைவாக இருந்தால் அதைச் சலுகையாக எண்ணாதீர்கள்; சேர்க்காமல் விட்ட பணம், மாதக் கட்டணம் போக உரிமையாளர்களிடம் பிரிக்கும் சிறப்பு வசூலாக உங்கள் தலையில் வந்து விழும்.

புயலும் அப்படித்தான். அசோசியேஷன் காப்பீட்டில் புயலுக்கான கழிவுத்தொகை (காப்பீடு தருவதற்கு முன் நாமே ஏற்க வேண்டிய பங்கு) குறிப்பிட்ட டாலராக இருக்காது, காப்பீட்டு மதிப்பில் ஒரு சதவீதமாக இருக்கும். 4 கோடி டாலர் கட்டடத்தில் 5 சதவீதம் என்றால் 20 லட்சம். நூறு வீடு இருந்தால் வீட்டுக்கு 20,000. உங்கள் சொந்த எச்ஓ-6 பாலிசியில் (காண்டோ உரிமையாளர் எடுக்கும் காப்பீடு) இத்தகைய வசூலுக்குச் சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்சம் வெறும் 2,000 டாலர். கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். புயல் கழிவுத்தொகைப் பங்குக்கு அது பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். குறுகிய கால வாடகைக்கு விடுவதையும் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகும். வெள்ளக் காப்பீடு தனி.

வீட்டுக்குள்ளே உப்புக் காற்றின் வேலை. ஏ.சி.யின் வெளி யூனிட் கடலைவிட்டுத் தள்ளிய ஊரில் 15 ஆண்டு ஓடுவது இங்கே அதில் பாதியிலேயே துருப்பிடித்துப் போகலாம். அதன் காயிலுக்கு (உள்ளே சுருண்டிருக்கும் உலோகக் குழாய்) தொழிற்சாலையிலேயே பூச்சு போட்டதாக வாங்கி, நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும். பால்கனிக் கதவின் உருளைகள், பூட்டுகள், விளக்குகள் எல்லாம் மாற்றுப்பொருள்தான். அதிகம் கவனிக்கப்படாதது ஏ.சி. தண்ணீர் வடியும் குழாய். பாசி அடைத்தால் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். மாதம் ஒருமுறை ஒரு கப் வினிகர் ஊற்றி, தண்ணீர் தேங்கும் தட்டில், நிரம்பினால் ஏ.சி.யை நிறுத்தும் மிதவை ஸ்விட்ச் பொருத்தினால் போதும். சில பத்து டாலர் வேலை. ஆளில்லாத வாரத்திலும் ஏ.சி.யை அணைக்காதீர்கள். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் மெத்தையிலும் அலமாரியிலும் பூஞ்சை ஏறிவிடும்.

உரிமமும் வரியும். ஆண்டில் மூன்று முறைக்கு மேல் 30 நாளுக்குக் குறைவாக விட்டால் மாநில உரிமம் வேண்டும். ஆறு மாதமோ அதற்குக் குறைவோ ஆன வாடகைக்கு மாநில விற்பனை வரி 6 சதவீதம், மேலே கவுன்ட்டியின் சுற்றுலா வரி. ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் மாநில வரியை வசூலித்துக் கட்டிவிடும். கவுன்ட்டி வரியை எல்லாக் கவுன்ட்டிக்கும் கட்டுவதில்லை, விட்டது உங்கள் பொறுப்பு. வாடகை வீட்டின் சோபா, கட்டில், டிவிக்கும் ஃபுளோரிடாவில் வரிப் படிவம் உண்டு. கெடு ஏப்ரல் 1. மத்திய வருமான வரியில், நீங்களும் குடும்பத்தாரும் தங்கும் நாள் 14-ஐயும் வாடகை நாளில் 10 சதவீதத்தையும் தாண்டினால் நட்டத்தைக் கழிக்க முடியாது. உறவினரைச் சும்மா தங்க வைத்த நாளும் உங்கள் நாள்தான்.

பிடித்துப்போனாலும் முதலில் கேட்க வேண்டியவை: கட்டமைப்புச் சோதனை அறிக்கை, கையிருப்பு நிதி ஆய்வு, இந்த ஆண்டு பட்ஜெட், இரண்டு ஆண்டு வாரியக் கூட்டக் குறிப்புகள். “பால்கனி கான்கிரீட்”, “கடன்”, “வழக்கு” என்ற சொற்கள் முதலில் தலைகாட்டுவது கூட்டக் குறிப்பில்தான். கட்டுநரிடமிருந்து அல்லாமல் இன்னொரு உரிமையாளரிடமிருந்து காண்டோ வாங்கும்போது, சட்டப்படி விற்பவர் தர வேண்டிய ஆவணங்கள் கிடைத்த பின் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய, வாரஇறுதியும் விடுமுறையும் நீங்கலாக, 7 நாள் உண்டு. ரத்துக் கடிதம் அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.