சலாலாவின் பச்சை எங்கிருந்து வருகிறது?

‘துபாயும் மஸ்கட்டும் 40 டிகிரியை ஒட்டி வேகிற ஆகஸ்டில், சலாலா மட்டும் எப்படி ஊட்டி மாதிரி இருக்கிறது?’ என்று கேட்கிறார் ஒரு வாசகர். ஒரே நாளில் மலையும் கடலும் பார்க்க வேன் ஏறப்போகிறாராம்.

ஓமனின் தென்கோடியில், தோஃபார் மாகாணத்தில் உள்ள ஊர் சலாலா. ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை அங்கே ‘கரீஃப்’ பருவம். கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான். ஆனால் இங்கே தூறலோடு நிறுத்திக்கொள்கிறது. காரணம் கடல். கரையை ஒட்டிக் காற்று வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்மட்டக் கடல்நீர் காற்றுக்கு வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டு விலகி ஓடுகிறது. அந்த இடத்துக்கு ஆழத்துக் குளிர்நீர் ஏறி வருகிறது. மே மாதம் 30 டிகிரியை ஒட்டி இருந்த கடல், ஆகஸ்டில் 25க்கும் கீழே இறங்கிவிடும். அதன் மேல் தவழ்ந்து வரும் ஈரக்காற்று, சலாலாவுக்குப் பின்னாலுள்ள ஜபல் கரா மலைச் சரிவில் சற்று ஏறியதுமே மேகமாகிறது. மேலேயோ ருப் அல் காலி பாலைவனத்தின் சூடான வறண்ட காற்று. கீழே குளிர், மேலே சூடு என்றால் காற்று மேலெழாது, இடிமேகம் வளராது.

சரிவில் தவழும் அந்த மேகம்தான் மூடுபனி. அதன் துளி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரு பங்குதான். அதுவாகத் தரையில் விழாது. யாராவது பிடிக்க வேண்டும். பிடிப்பவை மரங்கள். காற்று இலையைச் சுற்றி வளைந்து போகும். துளிக்குக் கொஞ்சம் எடை உண்டு, அதனால் வளைய முடியாமல் நேரே போய் இலையில் மோதும். அகன்ற இலை காற்றைத் தொலைவிலேயே விலக்கிவிடும், துளியும் கூடவே ஒதுங்கிவிடும். சிற்றிலைக்கு அருகில்தான் காற்று சட்டென வளைகிறது, ஆகவே அதுதான் நன்றாகப் பிடிக்கும். கோடையில் மொட்டையாக நிற்கும் அனோகைசஸ் தோஃபாரிகா என்ற உள்ளூர் மரம், கரீஃப் தொடங்கியதும் துளிர்த்து இந்த வேலையை ஆரம்பிக்கிறது. வெட்டவெளியில் விழுவதைவிட மரத்தடியில் கூடுதல் நீர் சொட்டுகிறது.

சிக்கலும் இதிலேயே இருக்கிறது. உயரத்தில்தான் காற்று வேகம், ஆகவே உயர்ந்த மரத்துக்கே அதிக நீர். மரம் போய்ப் புல் மட்டும் மிஞ்சினால் நீர்வரத்து குறையும். முளைக்கும் கன்றையும் ஒட்டகம் மேய்ந்துவிடும். வலை கட்டிப் பனிநீர் பிடிக்கும் சோதனைகள் அங்கே நடந்திருக்கின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கன்றுகளுக்கு வேலி போடச் செலவிட்டால் நல்லது என்பேன். மரத்தைவிட நல்ல வலை இல்லை.

இனி பயணம். சலாலாவுக்கு மேற்கே 40 கி.மீ. தூரத்தில் முக்ஸைல் கடற்கரை. சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலுள்ள குகையில் அலை புகுந்து காற்றை நெருக்க, மேலேயுள்ள துளை வழியே நீர் பீறிடும். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் போனால் வெறும் சீறல்தான் கேட்கும்; ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கம்பி வலையிட்ட துளைமேல் குனியாதீர்கள்.

கிழக்கே வாதி தர்பாத் பள்ளத்தாக்கு. அதன் முகப்பில் சுண்ணாம்பு படிந்து உருவான சுமார் 100 மீட்டர் செங்குத்துச் சுவர். அருவி எல்லா ஆண்டும் விழாது, நல்ல மழை வேண்டும். தேங்கிய நீரில் இறங்காதீர்கள்: நத்தை வழியே பரவும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி தோலைத் துளைத்தே உள்ளே போகும். அந்த ஓடை சேரும் கோர் ரோரி கழிமுகத்தில் சும்ஹுரம் என்ற பழைய துறைமுகம். ‘ணந்தை கீரன்’ என்று தமிழ் பிராமியில் எழுதிய பானை ஓடு அங்கேதான் கிடைத்தது.

மலை முகட்டைத் தாண்டி வடக்கே இறங்கினால், சில கிலோமீட்டரில் மூடுபனி அறுந்து பாலை வந்துவிடும். சாம்பிராணி மரங்கள் அந்த வறண்ட பக்கத்தில்தான் செழிக்கின்றன.

மிர்பாத் சாலையில் கார் ‘மேடேறும்’ இடத்தைக் காட்டி ‘காந்தமலை’ என்று வழிகாட்டி சொல்வார். காந்தமும் இல்லை, ஜின்னும் இல்லை. அடிவானம் மறைந்து, சுற்றியுள்ள சரிவுகள் கண்ணை ஏமாற்றுவதால் லேசான இறக்கம் ஏற்றமாகத் தெரிகிறது. கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றை ரோட்டில் வைத்தாலே போதும். கியரை நியூட்ரலில் போடுமுன் பின்னால் வண்டி வருகிறதா என்று பாருங்கள். மூடுபனியில் விளக்குத் தெரிவதற்குள் வண்டி பக்கத்தில் வந்திருக்கும்.