தொட்டியைக் கழுவித் தள்ளாதீர்கள்

இந்த வாரமும் ஒரு தங்கமீன் பிளாஸ்டிக் பையில் வந்து சேர்ந்தது. செவுள் மூடிகள் படபடவென அடித்துக்கொள்ள, நீர்மட்டத்தில் வாயை வைத்து அது இடைவிடாமல் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. "போன வாரம்தான் தொட்டியை முழுசாகக் கழுவினோம் டாக்டர், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்றார் கொண்டுவந்தவர். அவர் தனியே பாட்டிலில் எடுத்துவந்திருந்த அந்தத் தண்ணீரில் அம்மோனியாவைக் கண்டறியும் பரிசோதனைத் துளிகளை விட்டதும், மஞ்சளாகவே நிற்க வேண்டியது கரும்பச்சையாக மாறியது.

தெளிந்த தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மீன் தன் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லப் போதுமான அளவில் இருக்கும்போதுகூட அது உங்கள் மூக்குக்கு எட்டாது. அந்த நஞ்சை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுபவை நன்மை செய்யும் பாக்டீரியாக்கள். அவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஃபில்டர் பஞ்சிலும், அடியில் பரப்பிய கற்களிலும் வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. நீங்கள் அழுக்கு என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து எடுப்பது அந்தப் படலத்தைத்தான். அது மீண்டும் முழுமையாக உருவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அதுவரை மீன் தன் கழிவிலேயே மூச்சுவிட வேண்டியிருக்கிறது. புதிதாக அமைத்த தொட்டியில் முதல் மாதத்திலேயே மீன்கள் அடுத்தடுத்துச் சாவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை.

வருகிறவர்களில் பலரும் நீலநிற மருந்தைத்தான் கேட்கிறார்கள். மெத்திலீன் புளூவுக்கு அதற்குரிய இடம் உண்டு, ஆனால் நோய் இன்னதென்று தெரியாமல் தொட்டியில் ஊற்றினால் எஞ்சியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது அழித்துவிடும்.

வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். ஊற்றும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. ஓரிரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடலாம், குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கக்கூடிய குளோரமைன் என்ற கிருமிநாசினி அப்படிப் போகாது என்பதால் குளோரின் நீக்கும் துளிகளைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. பஞ்சை, தொட்டியிலிருந்து வெளியே எடுத்த தண்ணீரிலேயே மெல்லப் பிழிந்தால் போதும், சோப்பு வேண்டவே வேண்டாம். சத்தம் கேட்கிறது என்று இரவில் ஃபில்டரை அணைக்காதீர்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் இரை போடாதீர்கள். மீன் எப்போதும் பசித்ததுபோலத்தான் ஓடிவரும், அதை நம்பாதீர்கள். புதிய மீனை இரண்டு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றுடன் விடுங்கள். பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடிய தங்கமீனை, அழகாக இருக்கிறதே என்று சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் அடைக்காதீர்கள், தயவுசெய்து.

மீன் மேலே வந்து மூச்சு வாங்குவதைக் கண்டால் முதலில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரையை நிறுத்தி, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரால் பாதியை மாற்றிவிட்டு, காற்றுக் குழாயை ஓடவிடுங்கள். மருத்துவரிடம் வரும்போது தண்ணீரை மாற்றுவதற்கு முன் எடுத்த ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரையும் கையோடு கொண்டுவாருங்கள்.