தெருவோர ஸ்டுடியோவில் வெயிலை அடக்குவது எப்படி?

நியூயார்க்கின் லிங்கன் சென்டரில், தெருவைப் பார்த்த கண்ணாடிச் சுவர்களோடு ஒரு ஸ்டுடியோவை 2011-இல் திறந்தது அந்நகரின் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூநெட். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வார நாட்களில் மட்டும் வந்துகொண்டிருந்த ‘பிபிஎஸ் நியூஸ்அவர்’ செய்தி நிகழ்ச்சி 2013 செப்டம்பரில் சனி, ஞாயிறுக்கும் நீண்டபோது, ஹரி ஸ்ரீநிவாசன் தொகுத்த அந்த வார இறுதிச் செய்தி இங்கிருந்துதான் ஒளிபரப்பானது. 2022-இல் அது வாஷிங்டனுக்கு மாறியது.

இந்த மாதிரி ஸ்டுடியோக்களைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “ஜன்னலுக்கு முன் ஆளை நிறுத்திப் படமெடுத்தால் முகம் கறுத்துவிடுகிறது. டிவியில் மட்டும் முகமும் தெருவும் ஒன்றாகத் தெரிவது எப்படி?”

நல்ல கேள்வி. உச்சி வெயிலில் தெருவில் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் இருக்கும். ஸ்டுடியோவுக்குள் சுமார் 1,000 லக்ஸ் போதும். நூறு மடங்கு வித்தியாசம். நம் கண் சமாளித்துக்கொள்கிறது, கேமராவால் முடியாது. தெருச் சத்தத்துக்குக் கனமான இரட்டைக் கண்ணாடி இருக்கிறது. விளக்குகளின் நிறத்தையும் பகல் ஒளிக்கு ஏற்ப, 5,600 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அளவில் வைத்துக்கொள்ளலாம். வெளிச்சம்தான் தொல்லை. கண்ணாடியில் கறுப்புப் படலம் ஒட்டினால் நண்பகலுக்குச் சரி, மாலையில் தெரு இருண்டுவிடும். மேகம் வந்து போகும்போதெல்லாம் படலத்தை மாற்ற முடியுமா?

இதற்குச் சில ஸ்டுடியோக்கள் கையாளும் வழி, ஒளியின் தளவிளைவு (போலரைசேஷன்). சாதாரண ஒளியின் அதிர்வுகள் எல்லாத் திசைகளிலும் இருக்கும். தளவிளைவுப் படலம் ஒரு திசை அதிர்வை மட்டும் விடும். ஜன்னல் முழுக்க அந்தப் படலத்தை ஒட்டிவிடுகிறார்கள். அதே வகையில் இன்னொரு வடிகட்டியை, சுழற்றும்படி, கேமரா லென்ஸின் முன் மாட்டுகிறார்கள். அவ்வளவுதான் கருவி!

இப்போது லென்ஸ் வடிகட்டியைத் திருப்புங்கள். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் தெரு நன்றாகத் தெரியும். 60 பாகை திருப்பினால் தெருவின் வெளிச்சம் கால் பங்காகும். 84 பாகையில் நூறில் ஒரு பங்கு, நமக்கு வேண்டிய அதே நூறு! 90 பாகையில் ஏறக்குறைய இருட்டு. கோணத்தின் கொசைன் வர்க்கத்தைப் பொறுத்து ஒளி குறையும் என்ற மாலஸ் விதி இதுதான்.

ஆனால் என்னை மயக்குவது வேறு. தொகுப்பாளரின் முகத்திலிருந்து வரும் ஒளி ஜன்னல் படலத்தைக் கடந்து வரவில்லை, அதில் எல்லாத் திசை அதிர்வுகளும் இருக்கின்றன. வடிகட்டியை எப்படித் திருப்பினாலும் அதில் பாதிதான் குறையும், அந்தப் பாதி மாறவே மாறாது. முகம் அப்படியே இருக்க, பின்னால் தெரு மட்டும் மங்கும், பளிச்சிடும். ஒரே லென்ஸுக்குள் வரும் இரண்டு ஒளிகளில் ஒன்றை மட்டும் தொட்டு மாற்றுகிறோம். வெளியே நடந்து போகிறவருக்கு எதுவும் தெரியாது, அவர் கண் முன் வடிகட்டி இல்லையே.

இதன் தொடக்கமும் ஒரு ஜன்னல்தான். 1808-இல் பாரிஸில் எத்தியேன் லூயி மாலஸ், லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் தெறித்த மாலை வெயிலை, எதையும் இரண்டாகக் காட்டும் கால்சைட் படிகம் வழியாகப் பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப, அதில் தெரிந்த இரண்டு பிம்பங்களும் மாறி மாறி மங்கின. கண்ணாடியில் பட்டுத் தெறித்த ஒளி தளவிளைவு பெற்றிருந்ததே காரணம். படிகங்கள் இப்படி இரண்டாகக் காட்டும் இரட்டை விலகலை விளக்குவோருக்குப் பிரெஞ்சு அறிவியல் கழகம் பரிசு அறிவித்திருந்ததால்தான் அவர் அதில் இறங்கியிருந்தார். யாருக்கும் உடனடிப் பயன் தராத கேள்விக்குப் பொதுப்பணத்தில் ஒரு பரிசு! மலிவான தளவிளைவுத் தாளுக்கு எட்வின் லேண்ட் காப்புரிமை கோரியது 1929-இல். நூற்றிருபது வருடம் பொறுத்திருக்க எந்தக் கம்பெனி முன்வரும்? பொதுப்பணத்தின் உதவியோடு, இயற்கை பற்றிய அருமையான ‘நேச்சர்’ தொடரை 1982 முதல் தரும் நிலையமும் இதே டபிள்யூநெட்தான். பொது ஒளிபரப்புக்கான 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது பெரும் தவறு என்றே நினைக்கிறேன்.

சரி, இந்த முறையில் ஒரு சிக்கலும் உண்டு. எல்சிடி திரையிலிருந்து வருவதும் தளவிளைவு பெற்ற ஒளிதான். ஸ்டுடியோவுக்குள் அப்படியொரு திரை இருந்தால், தெருவை மங்கவைக்கத் திருப்பும்போது அதுவும் கறுத்துப்போகலாம். அதனால் பின்னணிக்கு எல்இடி சுவர் வைப்பது நல்லது, அதற்கு இந்தத் தொல்லை இல்லை. போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் கம்ப்யூட்டர் திரைக்கு முன் பிடித்துத் திருப்பிப் பாருங்கள்.