புளியங்கொட்டையும் ஒரு சிவப்பு மணியும்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான வாலிநோக்கத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பொட்டலம் நிறைய மணல் அனுப்பியிருந்தாள். அலை வாங்கிய பிறகு கரையில் கறுப்பும் சிவப்புமாகக் கோடு கட்டி நிற்குமே, அந்த மணல். “சிவப்பா இருக்கிறது கார்னெட்ங்கிற கனிமமாம். கார்னெட் இருந்தா வைரமும் இருக்குமாமே, நிஜமா சார்?”

பாதி நிஜம். வைரத்தை நேராகத் தேடினால் கிடைப்பது அரிது. 150 கிலோமீட்டருக்கும் கீழிருந்து அதைத் தூக்கிவரும் கிம்பர்லைட் பாறையில், டன்னுக்கு ஒரு காரட், அதாவது 0.2 கிராம், தேறினாலே நல்ல மகசூல். ஆனால் அதே பாறையில் பைரோப் என்ற கார்னெட் வகை தாராளமாக இருக்கும். ஆற்று மணலை அரிசி அரிப்பதுபோல் அரித்தால் கனமான மணிகள் அடியில் தங்கும்; அப்புறம் அவை வந்த வழியே ஆற்றை எதிர்த்து நடக்க வேண்டியதுதான். 1954இல் சோவியத் நிலவியலாளர் லாரிசா பொபுகாயேவா சைபீரியாவில் இப்படி நடந்துதான் சார்னிட்சா கிம்பர்லைட்டைக் கண்டுபிடித்தார்.

எவ்வளவு தூரம் நடப்பது? அதையும் மணியே சொல்லும். ஆழத்திலிருந்து விறுவிறுவென்று மேலேறும்போது அழுத்தம் குறைகிறது, சுற்றிலும் கொதிக்கும் குழம்பு. கார்னெட்டின் மேற்பரப்பு தாக்குப்பிடிக்காமல் வேறு கனிமங்களாகச் சிதைந்து, கருந்தோலாக மணியைப் போர்த்திக்கொள்கிறது. கெலிஃபைட் என்று பெயர். புளியங்கொட்டையில் ஒட்டிய சதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் உருள உருள முதலில் அந்தத் தோல் உரியும். அடியில் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியான பரப்பு தெரியும். இன்னும் உருண்டால் அதுவும் வழவழவென்றாகிவிடும். தோலோடு ஒரு மணி அகப்பட்டால் தாய்ப்பாறை பக்கத்தில்தான்.

கிம்பர்லைட் எல்லாவற்றிலும் வைரம் இருக்காது. மணியில் குரோமியம் மிகுந்து கால்சியம் குறைந்திருந்தால் நல்ல சகுனம். வைரம் நிலைக்கும் ஆழத்தில் பிறந்த மணி அது. (சகுனத்தில் எனக்கு நம்பிக்கை உள்ள ஒரே இடம் இதுதான்.)

நம் கரைக்கு வருவோம். இங்குள்ள சிவப்பு பெரும்பாலும் அல்மண்டைன், இரும்பு மிகுந்த கார்னெட். பழங்காலச் சேறு சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து பாறையானபோது உண்டானது. மதுரைப் பக்கம் அந்தப் பாறைகள் ஏராளம். அவை உதிர்ந்து ஆற்றோடு வருகின்றன. வைரத்துக்கு அந்த ஆழம் போதாது. கிம்பர்லைட் உள்ள ஆந்திரத்து அனந்தபூர் மாவட்டத்து வஜ்ரகரூரிலிருந்து வைகைக்கு ஓர் ஓடைகூட வராது.

பொட்டலத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எல்லாம் இளஞ்சிவப்பு, குரோமியம் மிகுந்த பைரோப்பின் ஊதாச் சாயல் ஒன்றிலும் இல்லை. சந்தேகமறச் சொல்ல, மணியில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் எலக்ட்ரான் மைக்ரோபுரோப் கருவி வேண்டும். நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு அதெல்லாம் எட்டாக்கனி. ராகு தோஷத்துக்கென்று விரலில் மாட்டும் கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான். அதற்கு மட்டும் ஊரில் காசுக்குப் பஞ்சமில்லை.