தூர் பிரிக்கும் முன் இலையை வெட்டுங்கள்

கொத்தாகப் பெருகிய செடியின் அடிப்பகுதியை, அதாவது தூரைப் பிரித்து நட்டேன், வாடிவிட்டது என்று இந்த மாதம் இது நான்காவது அழைப்பு. பெங்களூரு ஜெயநகரில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். 7 வருட ஹெலிகோனியா (வாழை போன்ற இலையுள்ள பூச்செடி) தூரை உச்சி வெயிலில் பெயர்த்து, 18 துண்டாக்கி, மொட்டைமாடியில் செய்தித்தாள் விரித்துப் பரப்பியிருக்கிறார். குழி தோண்டவே சாயங்காலம்தான் போனாராம். "தண்ணி நல்லா ஊத்தினேன் தம்பி, எல்லாம் சுருண்டுடுச்சு" என்றார். போய்ப் பார்த்தால், ஒவ்வொரு துண்டிலும் நாலடி உயரத்துக்கு இலை அப்படியே நிற்கிறது.

"ஒரு இலையாவது வெட்டினீங்களா சார்?"

"பச்சையா இருக்கே, எப்படி மனசு வரும்?"

இந்தப் பதிலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெயர்க்கும்போது தண்ணீர் உறிஞ்சுகிற மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மண்ணிலேயே அறுந்து நின்றுவிடுகிறது. இலைகளோ முன்பு போலவே தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும். வரவு நின்றபின் பழைய செலவு! குழியில் குடம் குடமாக ஊற்றினாலும் குடிக்க வேர் இல்லை. தேங்கிய தண்ணீரில் கிழங்குதான் அழுகும். "இலைதானே செடிக்குச் சாப்பாடு செய்யுது?" என்று வாதாடுவார்கள். சரி, வாடிச் சுருண்ட இலை எதைச் செய்யும்? கல்வாழையை அரை அடி விட்டு வெட்டுங்கள். டேலில்லிக்கு ஒரு சாண் போதும். கிழங்கு நன்றாக இருந்தால் புது இலை தானாக வரும்.

அப்புறம் காலம். ஜனவரியில் லால்பாக் மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில் கடப்பாரையைத் தூக்காதீர்கள். அடுத்து வருவது கோடை. ஜூனில் மழை பிடித்தபின் மேகமூட்டமான நாளாகப் பாருங்கள். பூத்துக் கொண்டிருக்கும் தூரைத் தொடவே வேண்டாம்.

முந்தின நாள் மாலை தூருக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். நம் செம்மண் காய்ந்தால் செங்கல். மண்ணோடு வேரும் உடைந்து வரும். குழியை முதலில் தோண்டுங்கள், தூரை அப்புறம் தொடுங்கள். துண்டுக்கு இரண்டு மூன்று குருத்தாவது இருக்கட்டும், பேராசை வேண்டாம். கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். நடும்வரை ஈரச் சாக்கு போட்டு நிழலில் வையுங்கள். ஜெர்பராவின் குருத்தை மட்டும் மண்ணுக்குள் புதைத்துவிடாதீர்கள், அழுகிவிடும். உரமா? புதுத் துளிர் வரட்டும், தயவுசெய்து.

பெரியவரின் 18 துண்டுகளில் கிழங்கு கெட்டியாக இருந்தது ஏழுதான். அவற்றின் இலைகளை நான் வெட்டியபோது அவர் உள்ளே போய்விட்டார்.