வீட்டில் ஒரு மருத்துவ மாணவர் இருந்தால்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் கிளினிக்குக்குப் போன ஆண்டு ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. செருப்பைக் கழற்றிய பிறகும் வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. கூடவே அவருடைய மகன், மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிப்பவன். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"என்னென்ன மருந்து எடுக்குறீங்க, அண்ணே?"

இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மெட்ஃபோர்மின், ரத்த அழுத்தத்துக்குப் பெரின்டோபிரில். "அப்புறம் முட்டி வலிக்கு மகன் ஒரு மாத்திரை கொடுத்தான் டாக்டர், உடனே கேட்டுச்சு" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்கு வாங்கி வீட்டில் மிஞ்சிக் கிடந்த டைக்ளோஃபெனாக் அது. தினமும் மூன்று வேளை, பத்து நாள். ரத்தம் எடுத்துப் பார்த்தோம். சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு கிரியேட்டினின். நான்கு மாதம் முன்பு அரசாங்கக் கிளினிக்கில் 118 இருந்த அது, இப்போது 236.

பையன் கெட்டிக்காரன். ஒரு தாளைக் கொடுத்து, சிறுநீரகத்தின் வடிகட்டியை வரையச் சொன்னேன். உள்ளே வரும் நாளம், வெளியே போகும் நாளம், நடுவில் நூல்கண்டு போல நுண்குழாய்கள் என்று அழகாக வரைந்தான். ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகிறது, கடைசியில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராகப் போகிறது என்றும் சொன்னான்.

"உள்ளே வர்ற நாளத்தை விரிச்சு வைக்கிறது எது, தம்பி?"

"புரோஸ்டாகிளாண்டின்."

"டைக்ளோஃபெனாக் என்ன செய்யும்?"

"புரோஸ்டாகிளாண்டினைக் குறை..." பேனா அங்கேயே நின்றுவிட்டது.

வலி மாத்திரை உள்வழியைச் சுருக்கிவிட்டது. பெரின்டோபிரில் ஏற்கெனவே வெளிவழியைத் தளர்த்தி வைத்திருந்தது. பிறகு வடிகட்டியில் அழுத்தம் எங்கே நிற்கும்? இனிப்பு நீரால் களைத்துப்போன சிறுநீரகம் வேறு. இது முழுவதும் அவன் படித்த பாடம்தான். ஒரு பாதியை உடலியங்கியலில் படித்தான், மறு பாதியை மருந்தியலில். அப்பாவைப் பார்த்தபோது அவனுக்கு முட்டி வலி மட்டுமே தெரிந்தது.

நான் வாரத்தில் ஒரு நாள் ஒரு கல்லூரியில் முதல் இரண்டாண்டு மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். "ரெண்டு வருஷமா என்னதான் சொல்லிக்கொடுக்கிறீங்க?" என்று பெற்றோர் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. மலேசியாவில் மருத்துவப் படிப்பு பொதுவாக ஐந்து ஆண்டு. அதில் ஏறக்குறைய முதல் இரண்டாண்டு, உடம்பு இயல்பாக எப்படி இருக்கிறது, எப்படி இயங்குகிறது என்பதிலேயே போகிறது. நோய்க்குறியியலும் மருந்தியலும் அதன் மேல்தான் வருகின்றன. உயிர்வேதியியல் சுழற்சிகளை மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்ததும் மறப்பவர்களே அதிகம். அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

ஆனால் உடற்கூறியல் கூடம் வேறு விஷயம். எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்து வந்த பிள்ளை முதன்முதலாக ஓர் இறந்த மனிதரின் கையைப் பிடித்து, அதற்குள் போகும் நரம்பைத் தேடும் இடம் அது. மலாயா பல்கலைக்கழகத்தில் 2012 முதல் 'சைலண்ட் மென்டர்' என்ற உடல் தானத் திட்டம் நடக்கிறது. பயிற்சிக்கு முன் மாணவர்கள் தானம் செய்தவரின் குடும்பத்தாரைச் சந்தித்து, அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் உடலைத் தைத்து, மரியாதையோடு வழியனுப்புகிறார்கள். எல்லா மருத்துவக் கல்லூரிகளும் இதைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்தது, கேட்கக் கற்றுக்கொள்வது. நோயாளியாக நடிப்பவர்களை உட்காரவைத்துப் பழக்குகிறோம். பெயரைக் கேள், கை கழுவு, தொடுவதற்கு முன் அனுமதி கேள். மலாய் மொழியில் சரளமாகக் கேட்கும் நம் பிள்ளைகள், தமிழ்ப் பாட்டி ஒருவர் வந்தால் தடுமாறுவதைப் பார்க்கிறேன். பாட்டி "வலிக்குது" என்று மட்டும் சொல்ல மாட்டார். குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, மரத்துப்போச்சு, சுரீர்னு இழுக்குது என்பார். பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்று இனிப்பு நீர் உள்ளவர் சொன்னால் நரம்பைச் சோதிக்க வேண்டும். கெண்டைக்கால் நடந்தால் கடுக்கிறது, நின்றால் விடுகிறது என்றால் ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் 'வலி' என்று எழுதிவிட்டால் பாதி நோய் அங்கேயே தொலைந்துவிடும். வீட்டில் தாத்தா பாட்டியோடு தமிழில் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய சொத்து.

மருந்து கொடுப்பது மட்டும் இந்த இரண்டாண்டில் கிடையாது. அடுத்து வார்டுகளில் மூன்றாண்டு, பட்டம் வாங்கியபின் ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, இரண்டாண்டு. அந்த ஹவுஸ்மேன் வேலைக்கே 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி தற்காலிகப் பதிவு வேண்டும். ஆனால் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடிவு வந்த அன்றே நம் குடும்பங்களில் பிள்ளை டாக்டர் ஆகிவிடுகிறது. கல்யாண வீட்டில் மாமா கால் சட்டையைச் சுருட்டிக் காட்டுகிறார், சித்தி ரத்தப் பரிசோதனைத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். "தெரியாது" என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வெட்கம். தயவுசெய்து அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளாதீர்கள். வயதில் மூத்த ஒருவர் நம்பிக் கேட்கும்போது மறுக்கும் பக்குவம் பத்தொன்பது வயதில் எத்தனை பேருக்கு இருக்கும்?

மாணவர்களுக்கும் சொல்கிறேன். "எனக்கு இன்னும் அந்தப் பாடம் வரலை மாமா, வாங்க கிளினிக்குக்குப் போவோம்" என்று சொன்னால் மதிப்புக் குறையாது. நீங்கள் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. என்னென்ன மருந்து எடுக்கிறார்கள் என்று எழுதிக்கொடுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியை நினைவுபடுத்துங்கள். கூடப் போய் உட்காருங்கள்.

அந்த லாரி ஓட்டுநருக்கு வலி மாத்திரையை நிறுத்தி, பெரின்டோபிரிலையும் சில நாள் நிறுத்திவைத்து, அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் கிரியேட்டினின் 131க்கு இறங்கியது. பழைய அளவுக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்து வந்த அன்று மகன் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய வீட்டிலிருந்த மாத்திரைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருந்தான். மேசையில் கொட்டி, ஒவ்வோர் அட்டையாக எடுத்து வைத்தான்.

"இது அம்மாவோடது, டாக்டர். இது பாட்டியோடது. இது யாருக்குக் கொடுத்ததுன்னு தெரியலை, கேட்டுட்டு வர்றேன்."